இந்த வெள்ளி அப்டேட் இல்லை

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்து பக்கத்து வீட்டு மாமரத்தில் தொங்குகிறது. எடுக்க வேண்டும். யூ.பி.எஸ். பேட்டரிக்குத் தண்ணீர். ஆயுத பூஜைக்கு அம்மா மானிட்டரில் அப்பிய சந்தனம் காய்ந்து கீபோர்டுக்குள் உதிர்ந்திருக்கிறது. ஸ்பேஸ் பார் அமுக்கினால் நறநற.

இன்று மட்டும் நாற்பத்து மூன்று பேர் எங்கள் கேமுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். படிக்காதீக என்று கதிர் சொன்னான். எல்லாவற்றையும் படித்தேன்.

"மூணு மாசமா ஓட்டி பிரேக் ஸ்கில்ல நாப்பது வரைக்கும் ஏத்தி வெச்சிருந்தேன். இன்னிக்கு தொறந்தா பூஜ்யம். நல்லா இருங்க."

"எவனோ ஒருத்தன் தூரத்துல ஓடி வர்றான். அவன் ஏறுற வரைக்கும் பஸ் நகர மாட்டேங்குது. பக், புரோகிராம் கோளாறு. சரி பண்ணுங்க."

"வாரா வாரம் குப்பையா போடறதுக்கு மாசம் ஒண்ணு உருப்படியா போடலாமே."

"இந்த வார அப்டேட் எத்தனை மணிக்கு?"

கடைசி இரண்டையும் எழுதியது ஒரே ஆள். கியர்மணி என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார், நாமக்கல்லாம். ஆறு மாதமாகத் தினமும் விளையாடுகிறார், தினமும் திட்டுகிறார்.

நடந்ததை இப்போதே எழுதி வைக்கிறேன். ஒரு மாதம் போனால் எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

'ஊர் பஸ்' எங்கள் கேம். நானும் கதிரும் மட்டும். புரோகிராம் நான், படமும் சத்தமும் அவன், ஆபீஸ் என் வீட்டு முன்னறை. பாதி முடிந்த நிலையிலேயே விற்பனைக்கு விட்டுவிட்டு, ஆட்கள் விளையாட விளையாடக் கட்டிக்கொண்டு போகிறோம். வெள்ளிக்கு வெள்ளி ஒரு அப்டேட். போன வெள்ளி போட்டது 27.

26 வரை ஸ்கில் என்றால் புள்ளி. டிரிப் அடித்தால் புள்ளி வரும், அதை வேண்டிய ஸ்கில்லில் போட்டுக்கொள்ளலாம். நாள் முழுக்க ஹாரன் அடித்துச் சேர்த்த புள்ளியை பிரேக்கில் போட்டு பெரிய டிரைவர் ஆகிவிடலாம். கேவலம். ஆறு மாதம் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கே வாந்தி. 27-இல் அடியோடு பிடுங்கினேன். இனிமேல் செய்யச் செய்யத்தான் கை வரும். எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் காத்திருத்தல். பஸ்ஸைப் பிடிக்க ஒருவர் ஓடி வருகிறார், நிறுத்துகிறாய். எப்படி ஓரம் கட்டுகிறாய், எவ்வளவு மெதுவாக பிரேக் போடுகிறாய், ஆள் ஏறியதும் எவ்வளவு பதமாக எடுக்கிறாய். மற்ற ஸ்கில் எல்லாம் அதிலிருந்துதான் முளைக்கும்.

இதுவரை பெருமை. இனி அசிங்கம்.

பழைய புள்ளிகளைப் புது ஸ்கில்லாக மாற்றும் வேலை வெள்ளி காலை வரை இழுத்தது. என்னுடைய சேவ் (விளையாடிய வரைக்கும் சேமித்து வைக்கும் ஃபைல்) ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன், சரியாக மாறியது. மற்றவர்களுடையதையும் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பத்தரைக்கு ராகுகாலம். முதல் அப்டேட்டை ஏதோ ஒரு வெள்ளி ஒன்பதரைக்குப் போட்டோம், நன்றாகப் போனது. அன்றிலிருந்து வெள்ளி, பத்தரைக்கு முன்னால். நம்பிக்கை என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் இருபத்தாறு வாரம் ஒருமுறைகூட மீறியதில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, "பத்து இருவதாச்சுடி." பத்து இருபத்தாறுக்கு அமுக்கினேன்.

புள்ளியைச் செலவழிக்காமல் மிச்சம் வைத்திருந்தவர்களுக்கு எல்லா ஸ்கில்லும் பூஜ்யம். நான் வந்ததும் செலவழிக்கிற ஆள், என் சேவில் மிச்சமே கிடையாது. அதனால் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் வெள்ளிக்கிழமை புதிதாக எதையும் ஏற்ற மாட்டார்கள். உடைந்தால் சனி ஞாயிறு சரி பார்க்க ஆள் இருக்காது. காரைக்குடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெள்ளியைத் தேடிப் பிடித்து, அதிலும் நேரம் பார்த்து ஏற்றுகிறோம்.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். மூடியைக் கம்பால் தட்டி எடுத்தாயிற்று. விளிம்பில் விரிசல்.

பதினொரு மணிக்கு பெங்களூரிலிருந்து ராகவ் போன். எங்கள் கேமை விற்றுத்தரும் கம்பெனி (இனி பெ.க.) சார்பில் எங்களோடு பேசும் ஆள். நல்ல மனிதர். அதுதான் தொல்லை, கத்தவும் முடியாது.

"ரொம்ப சிம்பிள் இந்திரா. 27-ஐ எடுத்துடுங்க, 26-ஐ திரும்பப் போடுங்க. எல்லாருக்கும் பழைய ஸ்கில் வந்துடும். ஒரு மணி நேர வேலை."

உண்மைதான். ஒரு மணி நேரம்கூட ஆகாது.

"அந்த வெயிட்டிங் விஷயம் யாருக்கும் பிடிக்கல. ஃபீட்பேக் பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். 26-க்குத் திரும்ப மாட்டேன் என்றும் சொன்னேன். 28-இல் எல்லாருடைய ஸ்கில்லும் ஒன்று விடாமல் திரும்ப வரும், காத்திருத்தலும் இருக்கும், இந்த வெள்ளிக்குள் முடியாது.

 ராகவ் ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்தினார். தொடர்ந்து இரண்டு வெள்ளி அப்டேட் தவறினால், அதற்கப்புறம் கேமில் கை வைக்கும் உரிமை அவர்களுடைய டீமுக்கு. எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது எல்லாம் அவர்கள். நான் கையெழுத்துப் போட்டதுதான். அன்றைக்கு வாராவாரம் என்பது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. ஆர்வக்கோளாறு.

ஆக, 10-ஆம் தேதி ஒன்று, 17-ஆம் தேதி ஒன்று. இரண்டும் போனால் 'ஊர் பஸ்' என் கையில் இல்லை.

மத்தியானம் கதிரோடு சண்டை.

"திரும்பிருவோம்க்கா. பத்து நாள் கழிச்சு ஆற அமர புதுச கொண்டாந்துக்குவோம். என்ன கெட்டுப்போச்சு?"

"கத்துனா எடுத்துருவாங்கன்னு ஒருவாட்டி பழகிட்டா, அப்புறம் எதை மாத்துனாலும் கத்துவாங்கடா."

"அவுக கத்துறது நம்ம தப்புக்குத்தான?"

"பூஜ்யமானது நம்ம தப்பு. அதுக்குக் கால்ல விழச் சொல்லு, விழறேன். நிக்கிறது தப்பு இல்ல."

"எல்லாத்துக்கும் ஒரே பிடிதான் பிடிக்கிறீக." பாதி டீயை வைத்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த டீயை நானே குடித்தேன். சர்க்கரை அதிகம்.

அக்டோபர் 8, புதன்

கதிர் ஒன்பது மணிக்கு வந்தான். நேற்றைய பேச்சே இல்லை. வடை வாங்கி வந்திருந்தான். சமாதானம்.

அறிவிப்பு எழுதினோம். நான்கு வடிவம் அடித்துக் கிழித்து, கடைசியில் போட்டது:

"இந்த வெள்ளி அப்டேட் இல்லை. உங்கள் ஸ்கில் போனது எங்கள் தவறு. ராகுகாலத்துக்கு முன் ஏற்ற வேண்டும் என்ற அவசரத்தில் சரிபார்க்காமல் ஏற்றினோம். மன்னியுங்கள். 28 சரியாக முடிந்ததும் வரும். உங்கள் பழைய சேவ் இருந்தால் அனுப்பி வையுங்கள், ஒவ்வொன்றையும் போட்டுப் பார்ப்போம். காத்திருத்தல் பக் இல்லை. அது இருக்கும்."

ராகுகால வரியை எடுக்கச் சொல்லிக் கதிர் கெஞ்சினான். "ஊரே சிரிக்கும்க்கா." சிரிக்கட்டும். தொழில்நுட்பக் கோளாறு என்று போட்டால் அது பொய்.

சிரித்தது. இரண்டு மணி நேரத்தில்:

"ராகுகாலத்துக்கு பயந்து என் பிரேக்க புடுங்கிட்டீங்களா?"

"அடுத்த வாட்டி எமகண்டத்துல போடுங்க, கேமே காணாமப் போகட்டும்."

"எங்கம்மாவும் இப்படித்தான். மன்னிச்சு விட்டேன். ஒரு ஸ்டார்தான்."

கியர்மணி: "பக் இல்லையா? அப்ப வேணும்னேதான் கழுத்தறுக்குறீங்களா?"

அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை.

ஆனால் சேவ் வரத் தொடங்கியிருக்கிறது. சாயங்காலத்துக்குள் பத்தொன்பது. பெயர்களைப் பார்த்தாலே ஆளைத் தெரிகிறது: புதுசு. புதுசு2. இதான்கடைசி. இதான்கடைசி4. அப்பாதொடாதே. திட்டுகிறவர்களும் அனுப்புகிறார்கள். திட்டிக்கொண்டே.

அக்டோபர் 10, வெள்ளி

வானம் மூட்டமாக இருக்கிறது, பெய்யவில்லை.

பத்தேகால். அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, இன்னைக்கு ஒன்னும் அனுப்பலையா?"

"இல்லம்மா."

"ஒடம்புக்கு என்ன?"

"ஒன்னுமில்ல."

நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். பத்தரை தாண்டியது. கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

மூன்று மணிக்கு பெ.க. மெயில். மரியாதையான இங்கிலீஷ். முதல் வெள்ளி தவறியதைக் குறித்துக்கொண்டார்களாம். கேம் விற்கும் ஆன்லைன் கடையின் தீபாவளி விற்பனை முதல் வரிசையில் 'ஊர் பஸ்' இடம்பெறாது.

அந்த முதல் வரிசைக்காக ஏப்ரலிலிருந்து தொங்கினோம். கதிர் படம் வரைந்து கொடுத்திருந்தான், மத்தாப்பு வெளிச்சத்தில் எங்கள் சிவப்பு மினிபஸ். அவன் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்திருக்கிறான், தீபாவளிக்குத் திறந்து பாருங்க என்று.

அவன் மெயிலை இரண்டு முறை படித்தான். "மத்தாப்பு நல்லா வந்துச்சுல்ல" என்று மட்டும் கேட்டான். ரொம்ப நல்லா வந்ததுடா என்றேன். அவன் போன பிறகு பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. பத்து நிமிடம். முகம் கழுவிக்கொண்டு வந்து வந்த சேவ்களில் முப்பத்தொன்றாவதைத் திறந்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

இரண்டு நாளாக ஒரே கமெண்ட் மண்டையைக் குடைகிறது. கோபமே இல்லாத கமெண்ட். "எதுக்கு நிக்கிறோம்னே தெரியலைங்க. அதைச் சொன்னா நின்னுட்டுப் போறோம்."  எதற்கு நிற்பதா? ஆள் ஓடி வருகிறது, நிற்க வேண்டியதுதானே. இதில் சொல்ல என்ன இருக்கிறது?

சரி, போய்ப் பார்ப்போம் என்று காலை எட்டே முக்காலுக்கு நாச்சியாபுரம் வழியாகத் திருப்பத்தூர் போகும் பஸ். மூன்று வருடமாக பஸ் கேம் செய்கிறேன். பஸ் ஏறி ஐந்து மாதம் ஆகிறது. ஸ்கூட்டி வாங்கிய புண்ணியம்.

கடைசி சீட்டில், கண்டக்டர் பக்கத்தில். நாச்சியாபுரம் தாண்டி ஒரு கைகாட்டி. வண்டி எடுக்கப் போகும்போது வயல் வரப்பில் ஒரு பெண், தூரத்தில். ஒற்றை விசில். வண்டி நின்றது.

முன் சீட்டில் பேண்ட் சட்டைக்காரர் ஒருவர், "எடுங்கண்ணே, ஆபீஸ் போக வேணாமா? பின்னாடி வண்டி வருதுல்ல."

கண்டக்டர், "பின்னாடி வண்டி ஒன்னேகால் மணி நேரம் கழிச்சு. நீங்க எறங்கி அதுல வாரீகளா? அவுக உங்க சீட்டுல உக்காந்து வரட்டும்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. பேண்ட் சட்டைக்காரரும் சிரித்தார். ஆனாலும் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் ஏறி, மூச்சு வாங்க, "நல்லா இருப்பீக" என்று பொதுவாக எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். இரட்டை விசில்.

அடுத்த நிறுத்தத்தில் ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். நிற்கவில்லை, எடுத்துவிட்டார்கள்.

கண்டக்டரிடம் கேட்டேன், அவருக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை?

"அவரு கையத் தூக்கலயே. நடந்து வர்ற ஆளு சும்மா வர்ற ஆளா இருக்கும். கையத் தூக்குனா நம்ம ஆளு. செருப்பக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடியாந்தாகன்னு வைங்க, என்ன லேட்டானாலும் நிக்கணும்."

"நிக்கலைன்னா?"

"நிக்காம போறவுகளும் இருக்காகளே. யாரு கேக்கப் போறா? கண்ணாடியில தெரியும், அம்புட்டுத்தான்."

"கண்ணாடியிலயா?"

"அவுக கைய எறக்குறது." பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க எங்குட்டு எறங்கணும்? பேப்பர் ஆபீஸா?"

திருப்பத்தூரில் இறங்கி, டீ குடித்து, அதே பஸ்ஸில் திரும்பினேன். டிக்கெட்டின் பின்பக்கம் எழுதியது:

என் பஸ்ஸுக்குள் எவருமே வாய் திறப்பதில்லை. யாருக்கும் அவசரம் கிடையாது, சலிப்பு கிடையாது. மயானம்.

கை தூக்குவது, செருப்பு, விசில் ஒன்றுமே நான் வைக்கவில்லை. இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியும், சென்னையிலும் நாமக்கல்லிலும் உட்கார்ந்து விளையாடுகிறவருக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்கு அது நகராத பஸ்தான். பக் என்று சொன்னதில் தப்பே இல்லை.

இன்னொன்று, இதுதான் பெரிய அடி. ஆள் ஏறும் வரை நகர முடியாதபடி பஸ்ஸைப் பூட்டி வைத்தவள் நான். பூட்டி வைத்தால் அதற்குப் பெயர் காத்திருத்தலா? போக முடிந்தும் நிற்க வேண்டும். போனால் போகட்டும். கண்ணாடியில் தெரியட்டும்.

வீட்டுக்கு வந்து கதிருக்கு போன் போட்டு, கண்ணாடியில் ஒருவர் கையை இறக்குவதை வரைய முடியுமா என்று கேட்டேன். "பஸ் போகப் போக சின்னதாயிக்கிட்டே போகணுமாக்கா?" என்றான். ஆமாம். "கையில செருப்பு?" ஆமாம்டா.  "இன்னைக்கே தாரேன்."

அக்டோபர் 15, புதன்

நல்ல மழை. கரண்ட் நாலு தடவை போனது. யூ.பி.எஸ். தாங்கியது.

ராகவ் போன். குரலைத் தாழ்த்தி, ஆபீஸுக்கு வெளியே நின்று பேசுகிற மாதிரி. "உங்களுக்காகச் சொல்றேன். வெள்ளிக்கிழமை ஏதாவது ஒண்ணு போட்டுடுங்க. ஹாரன் சவுண்ட் மாத்துங்க, போதும். அப்டேட்னு கணக்கு வந்துடும். உங்க கேம் உங்ககிட்டயே இருக்கும்."

அக்கறையாகத்தான் சொல்கிறார். யோசிக்கிறேன் என்றேன்.

யோசித்தேன். பழைய அப்டேட் பட்டியலை எடுத்தேன்.

அ.9 – ஸ்டியரிங் உறை நிறம்.
அ.14 – டிக்கெட் ரோஸிலிருந்து பச்சை.
அ.19 – மழைச் சத்தம் கூட்டினோம்.
அ.22 – அ.19-இல் கூட்டிய மழைச் சத்தத்தைக் குறைத்தோம்.
அ.23 – டிக்கெட் பச்சையிலிருந்து ரோஸ்.

இருபத்தேழில் உருப்படி ஏழு. மற்றது எல்லாம் வெள்ளிக்கிழமை வந்துவிட்டதே என்பதற்காக. அந்தப் பதற்றத்தில்தான் பழைய ஸ்கில்லைச் சரி செய்ய ஆறு மாதமாக நேரமே கிடைக்கவில்லை. இதை அப்டேட் என்று நம்பித் திறந்து பார்த்தவர்களை நினைத்தால் காது சுடுகிறது. கியர்மணி குப்பை என்று எழுதினார், மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்.

ஹாரனை மாற்ற மாட்டேன். 28 என்ற நம்பரை அதற்குக் கொடுக்க மாட்டேன்.

கதிரிடம் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்தால் ஒத்துக்கொண்ட மாதிரி இல்லை.

வந்த சேவ் மொத்தம் அறுபத்தொன்று. சரியாக மாறுவது நாற்பது.

அக்டோபர் 17, வெள்ளி

வெயில். அம்மா வடகம் காயப் போட்டாள், ஐப்பசி பிறக்கப் போகிற நேரத்தில் என்ன தைரியம்.

காலை எட்டு மணிக்குக் கடைசியாக ஒரு ஓட்டம். அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு சரி. மூன்று இன்னும் பூஜ்யம். ஏன் என்று தெரியவில்லை.

பத்து மணிக்குக் கதிர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். ஹாரன் அப்டேட். எனக்குத் தெரியாமல் செய்து வைத்திருக்கிறான், ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. நல்ல ஹாரன் வேறு.

"நீங்க அமுக்க வேணாம். நான் அமுக்குறேன். பழி என்மேல இருக்கட்டும்."

"வேண்டாம்."

"அப்ப 28-ஐயே போடுங்க. அம்பத்தெட்டு வந்துருச்சு. மூணு பேருதானக்கா."

விட்டுப்போன மூன்று சேவ்களில் ஒன்றை மறுபடி திறந்தேன். அவன் தன் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அவன் வரைந்த கண்ணாடிப் படம் திறந்து கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே ஹாரன் அப்டேட்டை அழித்தான். அழித்துவிட்டு என்மேல்தான் கோபப்பட்டான். "உங்ககூட சேந்து நானும் கிறுக்கனாயிட்டேன்."

பத்தரை ஆனது. பன்னிரண்டும் ஆனது. ராகவ் மூன்று முறை அழைத்தார். எடுத்து, "இல்லை சார்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

மாலை ஐந்தரைக்கு நோட்டீஸ். 22-ஆம் தேதி புதன் காலையிலிருந்து அவர்கள் டீம். முதல் வேலையாகக் காத்திருத்தல் நீக்கப்படும்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

அக்டோபர் 19, ஞாயிறு

மூன்று பேரும் கிடைத்துவிட்டார்கள்.

மூன்று சேவும் அ.1-இல் தொடங்கியவை. அப்போது பிரேக் ஸ்கில்லே கிடையாது, புள்ளியும் கிடையாது; இரண்டும் அ.2-இல் வந்தவை, அதனால் அந்தச் சேவ்களில் புள்ளி வேறு இடத்தில் கிடக்கிறது. அந்த நாட்களில் எங்களை நம்பி வாங்கியதே ஒரு கைக்குள் அடங்கும் ஆட்கள். முதல் நாள் முதல் கூட வருகிறவர்களைத்தான் பூஜ்யமாக்கியிருக்கிறேன். அதில் ஒருவர் கியர்மணி. திட்டத் திட்ட ஆள் ஏன் போகவில்லை என்று இப்போது புரிகிறது.

கதிர் அறுபத்தொன்றையும் வரிசையாகத் திறந்தான். நான் டிக் போட்டேன். இரண்டரை மணி நேரம். எல்லாம் சரி. மறுபடி ஒருமுறை, இம்முறை நான் திறக்க அவன் டிக். எல்லாம் சரி.

புதன் வரை கேம் எங்களுடையது. மூன்று மணிக்கு ஏற்றினேன். கூடப் போட்ட குறிப்பு:

"28. உங்கள் ஸ்கில் திரும்ப வந்துவிட்டது. பஸ்ஸைப் பூட்டியது எங்கள் தவறு, பூட்டை எடுத்துவிட்டோம். நிற்பதும் போவதும் இனி உங்கள் இஷ்டம். கை தூக்குபவரைப் பாருங்கள். விசிலைக் கேளுங்கள். உள்ளே இருப்பவர்கள் இனிமேல் முணுமுணுப்பார்கள். காத்திருத்தல் நீக்கப்படவில்லை."

அம்மா அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். நான்கு தின்றேன். கதிர் ஆறு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய், புதுப் புடவை, வெடிப் புகை. கதிர் தெருவில் அவனிடம் ஏழு பேர் கேட்டார்களாம், முதல் வரிசையில் காணோமே என்று. "'எடுத்துட்டாக'ன்னு சொன்னேன்க்கா, 'ஏன்'னு கேட்டாக, 'நிக்க வெச்சதுக்கு'ன்னேன், ஒருத்தருக்கும் வெளங்கல" என்றான்.

ரிவ்யூ பார்க்க மாட்டேன் என்று தீர்மானம். மத்தியானம் சாப்பிட்டதும் பார்த்தேன்.

"ஸ்கில் வந்துடுச்சு. நன்றி. பஸ்ஸுக்குள்ள ஒருத்தர் 'வீட்டுல அடுப்ப அணைக்காம வந்துட்டேன், எடுங்கப்பா'ங்கறார். செத்தேன் சிரிச்சு."

"இன்னமும் மொக்கைதான். ரெண்டு ஸ்டார்."

"ஆள விட்டுட்டு போற டிரைவருக்கு தனி ஸ்கில் வேணும். நானெல்லாம் அந்த டைப்."

கியர்மணி, நீளமாக: "பிரேக் நாப்பது இருந்துச்சு, நாப்பத்தொண்ணா வந்திருக்கு, அதையாவது சரியா கணக்கு போடுங்க. நேத்து மொத டிரிப்புலயே ஒரு கெழவர விட்டுட்டுப் போனேன். கண்ணாடியில பாத்தேன். அது யாரு ஐடியா? இன்னும் கடுப்பாத்தான் இருக்கு. டிரிப்ப திரும்ப மொதல்லேர்ந்து ஓட்டினேன்."

இதைக் கதிருக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு சரவெடி சத்தம் மட்டும் அனுப்பினான்.

கியர்மணி ஸ்டாரை மாற்றவில்லை. ஒன்றுதான்.

அக்டோபர் 22, புதன்

விடாத மழை. மூடி விரிசல் வழியாக மழைத் தண்ணீர் இறங்கித் தொட்டி நிரம்பி வழிகிறது. பிளம்பர் வரவில்லை.

ஒன்பது மணி ஆனதும் கேமைத் திறந்து ஒரு டிரிப் ஓட்டினேன். கடைசி என்று நினைத்துத்தான். இரண்டு பேருக்கு நின்றேன்.

பதினொன்றேகாலுக்கு ராகவ். பக்கத்தில் இன்னும் யாரோ பேசும் சத்தம். கதிர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னிக்கு எடுக்கணும்னு நேத்து முழுக்க எங்க பசங்க ஒரு காப்பில போட்டுப் பாத்தாங்க. அந்த வெயிட்டிங்கை எடுத்தா பிரேக் வளர மாட்டேங்குது. அதைச் சரி பண்ணா விசில் வேலை செய்யல. விசிலைத் தொட்டா எல்லாருக்கும் ஸ்கில் திரும்ப பூஜ்யம் ஆகுது. எந்த இடத்துலேர்ந்து எடுக்கணும்?"

"எந்த இடத்திலிருந்தும் எடுக்க முடியாது சார். எடுக்கிற மாதிரி கட்டல."

"வேணும்னே அப்படிப் பண்ணீங்களா?"

"ஆமா."

கதிர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டான்.

அங்கே ஏதோ கலந்து பேசினார்கள்.  பெருமையாக ஆமா என்று சொல்லிவிட்டேனே தவிர, ஸ்பேஸ் பாரை நறநறவென்று அமுக்கிக்கொண்டே இருந்தேன். மறுபடி அவர் வந்தார். "சரி. நீங்களே வெச்சுக்குங்க. திரும்ப பூஜ்யமானா எங்களால தாங்க முடியாது. ஆனா வாரா வாரம்..."

"வாரா வாரம் கிடையாது சார். அந்த வரியை ஒப்பந்தத்தில் அடிச்சு அனுப்புங்க, கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா உங்க டீமே பாக்கட்டும்."

கதிர் திரும்பி என்னைப் பார்த்தான். 

"முதல் வரிசை இனிமே கிடைக்கறது கஷ்டம் இந்திரா."

"தெரியும்."

நீண்ட நேரம் டைப் அடிக்கும் சத்தம். "அனுப்பறேன். சாயங்காலத்துக்குள்ள வரும். அடுத்தது எப்போன்னு மட்டும் ஒரு தேதி குடுங்க, அறிவிப்பு போர்டுல போடணும்."

"தேதி இல்லைன்னு போடுங்க."

போட்டுவிட்டார்கள். 'அடுத்த அப்டேட்: தேதி இல்லை.' இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கீழே கியர்மணி: "தேதி இல்லையா? அப்ப நாங்க என்ன பண்றது?"

இதற்கு நானே பதில் எழுதினேன்.

"கையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துக்கிட்டு இருக்கோம். நில்லுங்க."